ஆறு இலக்கம்

லீ பஜாரில் மிளகாய் மண்டிக்கு மேலே என் ஆபீஸ்.
வருகிறவர்கள் தும்மிக்கொண்டே ஏறி
கண்ணைத் துடைத்துக்கொண்டே இறங்குவார்கள்.
இரண்டுக்கும் வருமான வரி காரணமில்லை.

மாதையன் வந்தது ஜூலை முப்பத்தொன்று, இரவு ஒன்பதே முக்கால்.
கொண்டலாம்பட்டி பைபாஸில் டயர் ரீட்ரேடிங்.
தோளில் யூரியா சாக்கு, சாக்குக்குள் ஒரு வருடம்.
மேஜையில் கவிழ்த்தேன்:
ரப்பர் வாசம்,
ஏற்காட்டுப் பார்க்கிங் சீட்டு,
மகள் வரைந்த வாத்து,
பிறகு வெள்ளைத் தாள்கள். வெறும் வெள்ளை.

"பில்லுங்க மேடம். போன சித்திரையில எழுத்து இருந்துச்சு."

இந்த மை வெயிலுக்கு நிற்காது மாதையன்,
வாங்கிய அன்றே போனில் படம் எடுங்கள்.
சேலத்து வெயில் உங்கள் செலவையெல்லாம் தின்றுவிட்டு
லாபம் என்று ஏப்பம் விடும்.
அந்த ஏப்பத்துக்கும் நீங்கள்தான் வரி கட்டுவீர்கள்.

தலையாட்டினார்.
தலையாட்டுகிறவர்கள் செய்வதில்லை.
ஆனாலும் சொல்வதற்குத்தான் எனக்குக் கூலி:

கடைக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று என
இரண்டு பேங்க் கணக்கு வையுங்கள்.
கல்லாவில் கைவிட்டு மளிகை வாங்கினால்
எனக்குத் துவரம்பருப்பும் வல்கனைசிங் பசையும்
ஒரே பொருளாகத் தெரியும்.
ஒரே ஆளுக்கு ஒரே நாளில்
பத்தாயிரத்துக்கு மேல் ரொக்கமாய்க் கொடுத்தால்
அது செலவே இல்லை என்பார்கள்.
பில்லில் வாங்கும் ஜிஎஸ்டி உங்கள் பணமில்லை;
ஊருக்குப் போன பக்கத்து வீட்டுக்காரர்
கொடுத்துவிட்டுப் போன சாவி.

"ஐப்பசி பூரா மழை மேடம், கடையே திறக்கல."
திறக்காததையும் சொல்ல வேண்டும்.
ஒன்றும் விற்காத மாதத்துக்கு
ஒன்றுமில்லை என்று ஒரு படிவம் உண்டு.
சொல்லாவிட்டால் நாளுக்கு இருபது ரூபாய்.
மலிவான மௌனம்தான். சேர்ந்துவிடும்.

பாஸ்புக்கில் தை மாதம்
ஒரு லட்சத்துப் பத்தாயிரம் வரவு.
"யார் போட்டது?"
"அத விடுங்க."
விட முடியாது. பெயர் எழுதாத பணம்
உங்கள் வருமானமாகிவிடும்,
அதற்கு வரி தாளாது.
சாக்கின் வாயைக் கொஞ்ச நேரம் முறுக்கிக்கொண்டிருந்தார்.
"என் மச்சான் அங்கமுத்து. பங்குன்னு அவரு சொல்றாரு,
கடன்னு நான். பேசி நாலு மாசம்."
"எழுத ஒரு கட்டம்தான் இருக்கு."
"கடன்னே போடுங்க."

பதினொன்று இருபது. எல்லாம் ஏற்றி, பொத்தானை அழுத்தி,
ஆறு இலக்கத்துக்குக் காத்திருந்தோம்.
அவர் தன் போனைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.
கீழேயிருந்து நெடி மட்டும் வந்தது.

"ஆதார்ல எந்த நம்பர்?"
"அப்ப எங்கிட்ட போன் ஏதுங்க.
மச்சான் நம்பரத்தான் கொடுத்தோம்."

ரிட்டர்ன் போய்ச் சேர்ந்துவிட்டது.
சரிபார்க்க இன்னும் முப்பது நாள் அவகாசம் உண்டு.
ஆதார் மையத்தில் நம்பரை மாற்றிக்கொண்டு
நிதானமாக வரலாம்.
இதை நான் சொல்லவில்லை.
கடிகாரத்தை மட்டும் பார்த்தேன்.

மூன்றாவது மணியில் எடுத்தார்கள்.
"ம்."
"ஒரு நம்பர் வந்திருக்கும்…"
"வந்துச்சு. யாரோ ஏமாத்துறான்னு நெனச்சேன்."
"நான்தான்."

நாலு. ஒண்ணு. ஒண்ணு. சைபர். ஏழு. ரெண்டு.
கல்லாவில் சில்லறை எண்ணி வைப்பதுபோல்
ஒவ்வொன்றாக வைத்தார் அங்கமுத்து.
திரை பச்சையானது.
இரண்டு பேரும் போனை வைக்கவில்லை.

"அந்த ஒண்ணு பத்த எப்படி எழுதுன?"
"கடன்னு."
எங்கோ ஒரு லாரி ஏர் ஹாரன், அவர் பக்கமா எங்கள் பக்கமா தெரியவில்லை.
"எழுத்துல இருக்கா?"
"இருக்கு. உங்க பேரோட."
"சரி."
பிறகு: "ரப்பர் என்ன வெல போகுது இப்ப?"

மாதையன் சொல்ல ஆரம்பித்தார்.
நான் வெள்ளைத் தாள்களைச் சாக்கில் அள்ளிப் போட்டு
வாத்தை மட்டும் தனியே எடுத்து வைத்தேன்.
அதில் எழுத்து இன்னும் இருந்தது:
அப்பா கடை, தேதியோடு.